பழைய சொகுசு செடான்: பெட்ரோலா, டீசலா? தேர்வு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

எட்டு வருடம் ஓடிய ஒரு பென்ஸ் இ-கிளாஸோ பிஎம்டபிள்யூ 5 சீரிஸோ, இன்று ஷோரூமில் நிற்கும் சாதாரணச் சின்ன காரின் விலைக்குக் கிடைத்துவிடும். ஆசை வருவது நியாயம்தான். ஆனால் இறங்கியிருப்பது காரின் விலை மட்டும். அதற்குள் இருக்கும் ஏர் சஸ்பென்ஷன், ஹெட்லைட், டர்போ, கியர்பாக்ஸ் எல்லாம் அந்த கார் புதிதாக என்ன விலைக்கு விற்றதோ அதற்கு ஏற்ற விலையில்தான் இன்னமும் விற்கின்றன. பழைய சொகுசு கார் வாங்கி நொந்துபோனவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கியவர்கள்.

எரிபொருள் விஷயத்திலும் இதே கதைதான். மைலேஜைப் பார்த்து டீசல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வண்டியை ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் எவ்வளவு தூரம் நிற்காமல் ஓடும்? பெட்ரோலா டீசலா என்பதை முடிவு செய்ய வேண்டிய கேள்வி இதுதான். மைலேஜ் அதற்குப் பின்னால்தான் வரும்.

படி 1: உங்கள் ஓட்டத்தை ஒரு வாரம் குறித்து வையுங்கள்

ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், நெரிசலா திறந்த சாலையா என்று எழுதுங்கள். மாதத்தில் நீண்ட பயணம் உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனக்கணக்கு இங்கே உதவாது; எல்லோருமே தாங்கள் நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுவதாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

காரணம் இதுதான். 2009-க்குப் பிறகு ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த டீசல் செடான்களில் அநேகமாக எல்லாவற்றிலும் டி.பி.எஃப் எனப்படும் புகைத்துகள் வடிகட்டி இருக்கும். சைலன்சர் வழியே வெளியேற வேண்டிய கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். நெடுஞ்சாலையில் சைலன்சர் நன்றாகச் சூடேறும்போது கொஞ்சம் தானாகவே எரிந்துபோகும். மற்றதை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசலைத் தெளித்து, வடிகட்டியின் வெப்பத்தைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோகும். இது முடிய 10 முதல் 20 நிமிடம் தடையில்லாத ஓட்டம் வேண்டும்.

நீங்களோ 4 கிலோமீட்டரில் வண்டியை அணைத்துவிடுகிறீர்கள். எரிப்பு பாதியில் நிற்கிறது. அடுத்த முறை மறுபடி தொடங்கி மறுபடி நிற்கிறது. கரி ஏறிக்கொண்டே போக, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடும். நீர்த்துப்போன ஆயில் டர்போவையும், வால்வுகளை இயக்கும் டைமிங் செயினையும் தின்னும். டீசல் இன்ஜின் சூடேறவும் நேரம் எடுத்துக்கொள்ளும். எரிபொருளை வீணாக்காத இன்ஜின் என்பதால் வெப்பமாக வீணாவதும் குறைவு. இந்தக் குளிர்ந்த ஓட்டத்தில்தான், புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர் வால்வும் இன்டேக் குழாயும் கரிப் பிசின் பிடித்து அடைகின்றன.

உங்கள் ஓட்டங்களில் பெரும்பாலானவை 10 கிலோமீட்டருக்குள் முடிந்து, வாரத்தில் ஒருமுறைகூட அரை மணி நேரம் சீராக ஓடாது என்றால் பெட்ரோல் வாங்குங்கள். மேலே யோசிக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை 40, 50 கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓடுகிறவர்களுக்கு டீசல் செடானைப் போன்ற சுகம் வேறில்லை. குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் இழுவை, ஒரு டேங்கில் 900, 1,000 கிலோமீட்டர் என்று அது தன் இடத்தில் ராஜாதான். முழுக்க நகர நெரிசலில் மட்டுமே ஓட்டுபவர்கள் லெக்ஸஸ் இஎஸ் 300எச் போன்ற பெட்ரோல் ஹைப்ரிட் பக்கமும் ஒரு பார்வை பார்க்கலாம்.

படி 2: மிச்சத்தை லிட்டரில் கணக்குப் போடுங்கள்

ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஆற்றல் 10 முதல் 15 சதவீதம் அதிகம். அதோடு அழுத்த விகிதமும் கூடுதல் என்பதால் டீசல் குறைவாகக் குடிக்கும். ஒரே அளவு செடானில் பெட்ரோல் 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டரும் டீசல் 7 லிட்டரும் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சம் 300 லிட்டர். 25,000 கிலோமீட்டர் என்றால் 750 லிட்டர்.

அந்த லிட்டரை உங்கள் ஊர் பம்ப் விலையால் பெருக்குங்கள். பக்கத்தில் டீசலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர்கள், ஒரு டி.பி.எஃப், புகையில் நைட்ரஜன் ஆக்ஸைடை அளக்கும் ஒரு நாக்ஸ் சென்சார் ஆகியவற்றின் விலையை விசாரித்து எழுதுங்கள். 10,000 கிலோமீட்டர்க்காரருக்கு ஒரு பெரிய டீசல் ரிப்பேர் பல வருட மிச்சத்தை விழுங்கிவிடும். டீசல் கார் வாங்கும்போதே பெட்ரோலைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருந்தால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு அப்பால் இரண்டு விஷயம். ஒன்று, பல நகரங்கள் பழைய டீசலை உள்ளே விடுவதில்லை, அல்லது கட்டணம் வசூலிக்கின்றன. லண்டனில் 2019-ல் வந்த மாசுக் கட்டுப்பாட்டு மண்டலத்தில் பெட்ரோலுக்கு ஐரோப்பிய மாசுத் தரமான யூரோ 4 போதும். டீசலுக்கு யூரோ 6 வேண்டும். உங்கள் பகுதியின் விதியையும், இன்னும் நான்கைந்து வருடத்தில் விற்கப்போகும்போது அது எங்கே போய் நிற்கும் என்பதையும் விசாரியுங்கள். மற்றொன்று, யூரோ 5, யூரோ 6 டீசல்களுக்குக் கந்தகம் மிகக் குறைந்த டீசல் தேவை. பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இல்லாத டீசலை எண்ணிச் செய்யப்பட்டவை அவை. நல்ல டீசல் கிடைக்காத இடத்தில் புதுத் தலைமுறை டீசல் செடான் வாங்குவது வம்பு.

படி 3: இன்ஜின் குறியீட்டைப் பார்த்துத் தேடுங்கள்

"ஆடி நல்லதா, பென்ஸ் நல்லதா" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. ஒரே மாடலில் ஒரு இன்ஜின் தங்கமாகவும் இன்னொன்று தலைவலியாகவும் இருக்கும். விளம்பரத்தில் போடுவது மாடல் பெயர். நீங்கள் கேட்க வேண்டியது இன்ஜின் குறியீடு.

டீசலில் தொடங்குவோம். பிஎம்டபிள்யூவின் என்47, 2.0 லிட்டர் டீசல். டைமிங் செயினை இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்தார்கள். 2007 முதல் 2011 வரை வந்தவற்றில் செயினும் அதன் கைடுகளும் தேய்ந்து அறுந்த கதைகள் ஏராளம். முன்பக்கம் இருந்தால் ஓரளவு செலவில் முடியும் வேலை, பின்பக்கம் என்பதால் கியர்பாக்ஸையோ முழு இன்ஜினையோ இறக்கும் வேலையாகிவிடுகிறது. செயின் மாற்றியதற்கான பில் இல்லாத என்47-ஐ நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆறு சிலிண்டர் என்57-லும் செயின் பின்பக்கம்தான், ஆனால் அது இன்னும் உறுதியானது.

பென்ஸின் ஓஎம்642, 3.0 லிட்டர் வி6 டீசல், ஓட்டச் சுகத்தில் அருமை. அதன் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே, பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் சீல்கள் வயதாகிக் கசியும். சீலின் விலை அற்பம். அங்கே கை போவதற்கு டர்போவையும் இன்டேக்கையும் கழற்ற வேண்டும், கூலி அதில்தான். நான்கு சிலிண்டர் ஓஎம்651-ல் ஆரம்ப கால டெல்ஃபை பீசோ இன்ஜெக்டர்கள் தொல்லை கொடுத்தன. பல கார்களில் பிறகு சாலினாய்டு வகைக்கு மாற்றப்பட்டன. எது பொருத்தப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். 2016-ல் இ 220டி-யில் வந்த ஓஎம்654, பட்ஜெட் இடம் கொடுத்தால் இவை எல்லாவற்றையும்விட நல்ல தேர்வு.

ஆடியின் 3.0 டிடிஐ-யிலும் செயின் பின்பக்கமே. 2.0 டிடிஐ-யில் டைமிங் பெல்ட். பெல்ட் என்றால் பயப்பட வேண்டாம். எப்போது மாற்ற வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த பாகம் அது. வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றிவிட்டால் நிம்மதி. சில டீசல்களில் போஷ் சிபி4 வகை உயர் அழுத்த பம்ப் இருக்கும். அது உள்ளுக்குள் தேய்ந்து உடைந்தால் இரும்புத் துகள் டேங்க் முதல் இன்ஜெக்டர் வரை பரவி, எரிபொருள் அமைப்பு முழுவதையும் மாற்ற வைக்கும்.

பெட்ரோலும் அப்பாவி இல்லை. பென்ஸ் எம்271-ல் செயின் நீளும், வால்வைத் திறக்கும் தண்டான காம்ஷாஃப்ட்டின் அட்ஜஸ்டர் பல்லும் தேயும். வி6 எம்272-ல் ஆரம்ப வருடங்களில், அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பல்சக்கரம் மென்மையாக இருந்தது. 2008-க்கு முந்தைய காராக இருந்தால் இன்ஜின் எண்ணை வைத்துச் சரிபார்க்காமல் வாங்கக் கூடாது. ஆடியின் இஏ888 2.0 டிஎஃப்எஸ்ஐ, இரண்டாம் தலைமுறையில் பிஸ்டன் ரிங் காரணமாக ஆயில் குடித்தது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பலவீனம். பிஎம்டபிள்யூ என்20-ல் செயின் கைடு பிளாஸ்டிக் உடையும். 2015-க்குப் பிந்தையவை தேவலை. என்63 என்ற வி8, டர்போ இரண்டையும் இன்ஜினின் நடுவே வைத்து வெந்துகொண்டிருக்கும் இன்ஜின். விலை எவ்வளவு இறங்கினாலும் முதல் சொகுசு காராக அதைத் தொடாதீர்கள்.

எதைத் தொடலாம்? பிஎம்டபிள்யூவின் என்52, டர்போ இல்லாத நேர்வரிசை ஆறு சிலிண்டர், இன்டேக் போர்ட்டில் பெட்ரோல் தெளிக்கும் பழைய முறை. எலக்ட்ரிக் வாட்டர் பம்ப்பும் சில ஆயில் கேஸ்கெட்டுகளும்தான் அதன் வழக்கமான செலவு. 2015-ல் வந்த பி58 டர்போ ஆறு சிலிண்டர்களில் நல்ல பெயர் எடுத்தது. லெக்ஸஸ் ஜிஎஸ் 350, ஐஎஸ் 350 கார்களின் 3.5 லிட்டர் வி6-ல் நேரடித் தெளிப்பு, போர்ட் தெளிப்பு இரண்டுமே இருப்பதால் வால்வில் கரி படியும் தொல்லை மிகக் குறைவு. ஓட்டும்போது ஜெர்மன் கார்களின் இறுக்கம் அதில் வராது என்பார்கள், உண்மைதான். ஆனால் ஒர்க்ஷாப்பில் நிற்கும் நாட்களும் குறைவு.

படி 4: காகிதத்தை முதலில் படியுங்கள்

காரைப் பார்க்கப் போகும் முன்பே சர்வீஸ் பில்களின் படங்களைக் கேளுங்கள். முத்திரை குத்திய சர்வீஸ் புத்தகத்தைவிட, என்ன ஆயில் ஊற்றினார்கள், எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று எழுதிய பில் மதிப்பானது. தயாரிப்பாளர்கள் 25,000, 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் என்று சொன்ன காலம் உண்டு. அதை நம்பி ஓட்டிய காரையும், 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிய காரையும் ஒரே விலைக்குக் கொடுத்தால், இரண்டாவது கூடுதலாக 50,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் அதையே எடுங்கள்.

சேசிஸ் எண்ணை வைத்து நிலுவையில் உள்ள ரீகால் (குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் சரிபாருங்கள். வெடித்துச் சிதறும் டகாடா ஏர்பேக் விவகாரம் பல பிராண்டு சொகுசு கார்களையும் தொட்டது. 2018-ல் பிஎம்டபிள்யூ டீசல்களின் இ.ஜி.ஆர் கூலரில் கூலன்ட் கசிந்து, கரியோடு கலந்து தீப்பிடிக்கும் ஆபத்து இருந்ததால் பெருமளவில் திரும்ப அழைத்தார்கள். இந்த வேலைகளை இலவசமாகவே செய்து தருவார்கள். செய்து கொள்ளாத உரிமையாளர் மற்றவற்றை எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 5: குளிர்ந்த காரைப் பாருங்கள்

காலையில், வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு போங்கள். போனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் கார் நிற்கும் நிலையைப் பாருங்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரில் ஒரு மூலை தாழ்ந்திருந்தால் பை கசிகிறது. கசியும் பைக்கு ஈடுகொடுக்க கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் போகும். ஆக ஒன்று கேட்டால் இரண்டு செலவு.

டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம். நான்கு டயரும் நான்கு கம்பெனி என்றால் அது கஞ்சத்தனத்தின் அடையாளம். நான்கு சக்கர இழுவை உள்ள குவாட்ரோ, எக்ஸ்டிரைவ் கார்களில் இது இன்னும் மோசம். டயர்களின் தேய்மானம் வேறுபட்டால், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பாகம் பாதிக்கும்.

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி ஒன்று கையில் இருக்கட்டும். கம்பெனி பெயின்ட் பொதுவாக 90 முதல் 160 மைக்ரான். 250, 300 என்றால் மறுபடி பெயின்ட் அடித்தது. அதற்கும் மேலே எகிறினால் பட்டி பார்த்து டிங்கரிங் செய்தது. கதவில் சின்ன பெயின்ட் வேலை பரவாயில்லை. கூரையிலும் கதவுத் தூண்களிலும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி குழியில் ஈரம் தேடுங்கள். முன் இருக்கைகளின் அடியில் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். சன்ரூஃப் வடிகால் குழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளேதான் இறங்கும். இந்தக் கார்களில் கம்ப்யூட்டர் பெட்டிகள் பல தரையிலும் டிக்கியிலும்தான் இருக்கின்றன. வெள்ளத்தில் நின்ற காரைக் கண்டுபிடிக்க, சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துக் கறைக் கோடு தேடுங்கள், சீட் தண்டவாளத்தில் துரு பாருங்கள்.

சைலன்சர் வாய்க்குள் விரலை விடுங்கள். டி.பி.எஃப் நல்ல நிலையில் உள்ள டீசலின் சைலன்சர் உள்ளே சுத்தமாக இருக்கும். கையில் கரி ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது யாரோ அதைக் குடைந்து எடுத்துவிட்டார்கள். அப்படி எடுப்பது பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம். புதியது மாட்டும் செலவு உங்கள் தலையில். வேடிக்கை என்னவென்றால், நேரடித் தெளிப்பு பெட்ரோல் கார்களின் சைலன்சர் கறுப்பாக இருப்பது சகஜம்.

இப்போது, போனட் திறந்த நிலையில், விற்பவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் இன்ஜின் பக்கத்தில் நில்லுங்கள். கணநேரச் சத்தம் டென்ஷனரில் ஆயில் ஏறும் வரை வருவது. இரண்டு மூன்று விநாடிக்கு மேல் சங்கிலி உரசும் சத்தம் நீடித்தால் டைமிங் செயின் மீது சந்தேகம். டீசல் ஸ்டார்ட் ஆகத் திணறி வெள்ளைப் புகை விட்டால், குளிர்ந்த இன்ஜினைச் சூடேற்றும் குளோ பிளக் அல்லது இன்ஜெக்டர். பெட்ரோலை ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் வால்வ் சீல் போய்விட்டது. ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்: புகை குப்குப்பென்று அழுத்தத்தோடு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி வால்வும் காரணமாக இருக்கலாம். மூடியின் அடியில் தடித்த கரும் பிசின் ஒட்டியிருந்தால் பேச்சே வேண்டாம்.

படி 6: குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள்

ரேடியோ, ஏசி இரண்டையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். கியர்பாக்ஸ் குளிரில் ஒரு மாதிரியும் சூட்டில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும், அதனால்தான் அரை மணி. மெதுவாக ஊர்ந்து செல்லும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குகையில் உதைக்கிறதா, சீரான வேகத்தில் லேசாக மிதிக்கும்போது சாலைக் கோடுகள்மேல் போவதுபோல அதிர்கிறதா என்று கவனியுங்கள். அந்த அதிர்வு, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் தேய்ந்ததன் அடையாளம். ஆடியின் ஏழு கியர் எஸ் டிரானிக் என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில் நெரிசலில் தயக்கமோ உதையோ இருந்தால், அதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் பகுதியின் செலவு காத்திருக்கிறது.

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கும் சீட்டும் நடுங்கினால் இன்ஜின் மவுன்ட். மேடுபள்ளத்தில் முன்பக்கம் டொக்டொக் என்றால் கண்ட்ரோல் ஆர்ம் புஷ். இரண்டுமே பேரம் பேச உதவும் குறைகள்; காரை வேண்டாம் என்று சொல்லக் காரணங்கள் ஆகா. ஓட்டம் முடிந்ததும் ஜன்னல், சீட் மோட்டார், பார்க்கிங் சென்சார், ஏசியின் ஒவ்வொரு துளை என்று எல்லாப் பொத்தானையும் ஒருமுறை அமுக்குங்கள்.

படி 7: ஸ்கேனர் சொல்வதைக் கேளுங்கள்

அந்த பிராண்டுக்கான முழு ஸ்கேனர் வைத்திருக்கும் தனி மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்; அவருக்குக் கொடுக்கும் கூலிதான் இந்த முழுப் பேரத்திலும் சரியாகச் செலவாகும் பணம். கோளாறைச் சொல்லும் குறியீடான ஃபால்ட் கோடு எதுவும் இல்லை என்றால் உடனே மகிழ வேண்டாம். நேற்று அழித்திருக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டின் சுயபரிசோதனைகள் எல்லாம் "முடியவில்லை" என்று காட்டினால் கோடுகளைச் சமீபத்தில்தான் அழித்திருக்கிறார்கள்.

ஓடிய கிலோமீட்டர் டேஷ்போர்டில் மட்டும் பதிவதில்லை. பல கார்களில் கியர்பாக்ஸ், இன்ஜின் கம்ப்யூட்டர், சில பிராண்டுகளில் சாவி வரை அந்த எண் பதிகிறது. எல்லாம் ஒத்துப்போகிறதா பாருங்கள். மீட்டரைத் திருப்பி வைத்தவர்கள் எல்லாப் பெட்டியையும் மாற்றுவதற்கு மெனக்கெடுவது அபூர்வம்.

டீசலில் பார்க்க வேண்டியவை: டி.பி.எஃப்-ல் கரி எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, கடைசியாக எரிப்பு முடிந்து எத்தனை கிலோமீட்டர். கரியை எரித்துவிடலாம், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியின் ஆயுளைத் தின்பது அதுதான். இன்ஜெக்டர் திருத்த அளவுகளில் ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுதூரம் விலகி நின்றால் அது போகப்போகும் இன்ஜெக்டர். பலர் கவனிக்காத இன்னொன்று கூலன்ட் வெப்பம். நன்றாக ஓட்டிய பிறகும் 70 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்நிலையில் பல கார்களில் டி.பி.எஃப் எரிப்பு தொடங்கவே தொடங்காது. "டி.பி.எஃப் போச்சு" என்று விலை குறைத்து விற்கப்படும் சில கார்களின் உண்மையான நோய் இந்தச் சின்னப் பாகம்தான்.

பெட்ரோலில் மிஸ்ஃபயர் எண்ணிக்கை, எரிபொருள் கலவைத் திருத்தம், காம்ஷாஃப்ட் கோண விலகல் மூன்றையும் பாருங்கள். திருத்தம் 10 சதவீதத்தைத் தாண்டினால் எங்கோ காற்றுக் கசிவோ பெட்ரோல் பற்றாக்குறையோ இருக்கிறது. காம்ஷாஃப்ட் விலகல், செயின் நீண்டிருப்பதைச் சத்தம் வருவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும்.

படி 8: வாங்கிய முதல் மாதம்

வாங்கிய விலையில் 15 முதல் 20 சதவீதத்தை முதல் வருடச் செலவுக்கென்று தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பேரத்தில் உட்கார வேண்டும். இது என் அளவுகோல். வி8 அல்லது ஏர் சஸ்பென்ஷன் என்றால் இன்னும் கூட்டுங்கள்.

முந்தைய உரிமையாளர் என்ன சொல்லியிருந்தாலும் இன்ஜின் ஆயில், எல்லா வடிகட்டிகள், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றி, அந்தத் தேதியிலிருந்து உங்கள் கணக்கைத் தொடங்குங்கள். டீசலில் எரிபொருள் வடிகட்டியும், பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்கும் சேரும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது.

கியர்பாக்ஸ் ஆயில்தான் பெரிய விவாதம். "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று கார் கம்பெனிகள் எழுதிவைத்தன. ஆனால் அந்த கியர்பாக்ஸ்களைச் செய்த இசட்.எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டர் அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேளுங்கள். பல பிஎம்டபிள்யூ, ஆடி, ஜாகுவார் கார்களில் உள்ள எட்டு கியர் 8எச்பி-யில் வடிகட்டியும் ஆயில் பேனும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, சேர்த்தே மாற்ற வேண்டும். ஆயில் அளவைக் குறிப்பிட்ட வெப்பத்தில்தான் பார்க்க முடியும் என்பதால் தெரிந்த கையிடம் கொடுங்கள்.

பேட்டரியைச் சோதித்துவிடுங்கள். வோல்டேஜ் குறைந்தால் இந்தக் கார்கள் சம்பந்தமே இல்லாத பத்து கோடுகளைக் கொட்டும். பிஎம்டபிள்யூ போன்றவற்றில் புது பேட்டரியைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யாவிட்டால் பழைய பேட்டரிக்கான அளவிலேயே சார்ஜ் ஏற்றி அதன் ஆயுளைக் குறைத்துவிடும்.

படி 9: தொடர் பராமரிப்பு

இரண்டு எரிபொருளுக்கும் பொது: 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது ஆயில். கம்பெனி அனுமதி எண்ணைப் பார்த்து வாங்குங்கள். டி.பி.எஃப் உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான்: பென்ஸுக்கு 229.51 அல்லது 229.52, பிஎம்டபிள்யூவுக்கு எல்எல்-04, ஆடிக்கு 507.00. விலை உயர்ந்த வேறு ஆயிலை ஊற்றுவது வடிகட்டிக்கு நல்லது செய்வதாகாது. இத்தனை வயதில் கூலன்ட் டேங்க், குழாய் இணைப்பு, தெர்மோஸ்டாட் வீடு எல்லாம் உடையக் காத்திருக்கும் பிளாஸ்டிக். எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் முன்னறிவிப்பில்லாமல் நிற்கும். 1,00,000 கிலோமீட்டரை நெருங்கும்போது கேட்காமலே மாற்றிவிடுவது, சூடேறி வளைந்த அலுமினிய சிலிண்டர் ஹெட்டைச் சரிசெய்வதைவிட மலிவு.

டீசல்காரர்கள் வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். வண்டியை நிறுத்தப் போகும்போது ஐடில் வழக்கத்தைவிட உயர்ந்து, ஃபேன் இரைந்து, சூடான வாடை வந்தால் எரிப்பு நடக்கிறது என்று அர்த்தம். இன்னும் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயில் அளவு ஏறியிருந்தால் உடனே மாற்றுங்கள். எரிபொருள் வடிகட்டியைக் குறித்த காலத்துக்கு முன்பே மாற்றலாம். 2,000 பார் அழுத்தத்தில் வேலை செய்யும் பம்ப்பும் இன்ஜெக்டரும் ஒரு துளி தண்ணீரையும் மன்னிக்காது. பெட்ரோலைத் தவறிப் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பக்கூட வேண்டாம். டீசல்தான் பம்ப்புக்கு உயவு. பெட்ரோல் அதைக் கழுவிவிடும். டேங்கைக் காலி செய்த பிறகே ஸ்டார்ட்.

யூரோ 6 டீசல்களில் பெரும்பாலானவற்றில், புகையின் நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கத் தெளிக்கும் ஆட்புளூவும் உண்டு. அது 32.5 சதவீத யூரியா கரைசல், மைனஸ் 11 டிகிரியில் உறையும். பழையதை வாங்கி ஊற்றாதீர்கள். சிந்தினால் உப்பாகப் பூக்கும், உடனே தண்ணீர் விட்டுத் துடையுங்கள். நாக்ஸ் சென்சார் போனால், "இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாது" என்று டேஷ்போர்டில் கவுன்ட்டவுன் ஓடலாம். அதை அலட்சியம் செய்து ஊர் தாண்டிப் போகாதீர்கள்.

பெட்ரோல்காரர்களுக்கு வேலை குறைவு. நேரடித் தெளிப்பு இன்ஜினில் இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவுவதில்லை என்பதால் கரி படியும். காலைக் குலுக்கலும் இழுவைக் குறைவும் தெரிந்தால் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் பீய்ச்சிச் சுத்தம் செய்வார்கள். டேங்கில் ஊற்றும் கிளீனர் திரவம் அந்த வால்வை எட்டவே எட்டாது, காசு வீண். டர்போ இன்ஜினுக்குப் பெட்ரோல் டேங்க் மூடியில் எழுதிய ஆக்டேன் பெட்ரோலே போடுங்கள். 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் அளவு பாருங்கள். பல புதுக் கார்களில் ஆயில் குச்சி கிடையாது, திரையில்தான் பார்க்க வேண்டும். எம்271, எம்272 வைத்திருப்பவர்கள் காம்ஷாஃப்ட் மேக்னட் பிளக்குகளைக் கழற்றி ஆயில் கசிகிறதா என்று பார்ப்பது அவசியம். கசியும் ஆயில் வயருக்குள்ளேயே ஏறிக் கம்ப்யூட்டர் பிளக் வரை போய்விடும்.

பாகங்களைக் கம்பெனிப் பெட்டியில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. சஸ்பென்ஷனுக்கு லெம்ஃபோர்டர், வடிகட்டிக்கு மான் அல்லது மாலே, எலக்ட்ரிக்கலுக்கு போஷ் என்று கார் கம்பெனிக்கே சப்ளை செய்பவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். பெயர் தெரியாத மலிவு சென்சார்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுக்க நேரும்.

படி 10: எப்போது விற்பது

கியர்பாக்ஸ், டைமிங் செயின், டர்போ, டி.பி.எஃப் இந்த நான்கில் ஒன்றுக்குச் செலவு செய்துவிட்டால், அடுத்த இரண்டு மூன்று வருடம் ஓட்டி அந்தச் செலவை எடுத்துவிடுங்கள். செய்த கையோடு விற்றால் வாங்குகிறவர் அதற்கு ஒரு காசும் கூடுதலாகத் தர மாட்டார். நான்கில் இரண்டு ஒரே நேரத்தில் கேட்டால், ரிப்பேர் செலவையும் காரின் இன்றைய மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். செலவு பாதி மதிப்பைத் தாண்டினால், குறையைச் சொல்லியே விற்றுவிடுங்கள். பில்களையும் ஸ்கேனர் அறிக்கைகளையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தால், அப்போதும் மற்றவர்கள் காரைவிட உங்கள் காருக்கு நல்ல விலை வரும்.